பசை காய்ச்சும் நேரம்

கை நிற்கக் கூடாது. நின்றால் அடியில் பிடித்துக்கொள்ளும், பிடித்தால் கட்டி தட்டும், கட்டி தட்டிய பசையைத் தாளில் இழுத்தால் மடிப்பில் பொக்கு விழும், பொக்கு விழுந்த கவரை, தாள் கொடுத்து வாங்கிப்போகிற தவசிலிங்கம் அண்ணாச்சி இரண்டு விரலால் பிதுக்கிப் பார்த்துவிட்டு ஒதுக்கி வைப்பார். மைதா என்றால் எனக்குத் தெரியும். எப்போது கொதி வரும், எப்போது வாசனை மாறும், எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆறு வருசமாகக் காய்ச்சி மருந்துக்கடைக் கவர் ஒட்டுகிறேன். இது வேறு மாவு. மரவள்ளிக் கிழங்கு மாவு. சட்டியில் பால் மாதிரி வெள்ளையாகக் கிடக்கிறது, கரண்டியைத் தூக்கினால் தண்ணீராக ஒழுகுகிறது, இதுவா ஒட்டப் போகிறது என்று நினைக்கிறேன், நினைத்துக்கொண்டே கிண்டுகிறேன். வேலைக்குக் கிளம்பும்போது சீனியக்கா சொல்லிவிட்டுப் போனாள்: "வெள்ளையா இருக்குன்னு பயந்து அடுப்பக் கூட்டிராத. அதுவா ஒரு நேரத்துல கண்ணாடியா மாறும்." எந்த நேரத்தில் என்று சொல்லவில்லை. கேட்க எனக்கு வாய் வரவில்லை. சீனியக்கா என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி, ஒரே வளவில் முன்வீடு அவர்களுக்கு, பின்வீடு எங்களுக்கு. அண்ணாச்சி சாயங்காலம் வருவார். இந்தப் பசையில் ஒட்டிய இருபது கவரை அவரிடம் காட்ட வேண்டும். பிரிந்து வந்தால் இனி எனக்குத் தாள் கிடையாது. மைதாவில் ஒட்டு, முடியாதென்றால் நான் வேறு வீடு பார்த்துக்கொள்கிறேன் என்றிருக்கிறார். மைதா இனிமேல் இந்த நிலைப்படிக்கு உள்ளே வர முடியாது. உள்ளே பாயில் வர்ணிகா தூங்குகிறாள்.

தூங்கும்போது அவள் வாய் கொஞ்சம் திறந்திருக்கும். இங்கே அடுப்படியிலிருந்து பார்த்தால் பாவாடைக்குக் கீழே இரண்டு காலும் தெரிகிறது. கெண்டைக்காலில் கொஞ்சம் சதை வைத்திருக்கிறதா, இல்லை நான் அப்படிப் பார்க்கிறேனா. மூன்று வாரத்தில் சதை வைக்குமா. நேற்றுக் குளிப்பாட்டும்போது என் பெருவிரலையும் நடுவிரலையும் சேர்த்து வளையம் போட்டு அவள் மேல்கையில் வைத்துப் பார்த்தேன், விரல் முட்டவில்லை, ஒரு நூல் இடைவெளி இருந்தது. முன்பெல்லாம் விரல்மேல் விரல் ஏறும். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கலைந்துவிடும் போல இருந்தது. அவளுக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது, மூன்று வயதுச் சட்டைதான் போடுகிறாள், ஆனால் வயிறு மட்டும் பித்தான் போட விடாது. பானையை வைத்துக் குச்சி நட்ட மாதிரி இருப்பாள். கீரைக்காரி ஒருநாள் கேட்டுவிட்டாள், என்ன தாயி பிள்ளைக்கு மாந்தமா என்று. நான் ஆமாம் என்று தலையாட்டினேன். யார் எதைச் சொன்னாலும் ஆமாம் என்று தலையாட்டுவேன். மாந்தம் என்றார்கள், குடல் தட்ட ஆளைக் கூட்டி வந்தார்கள். பூச்சி என்றார்கள், பூச்சி மருந்து கொடுத்தேன். கண்ணேறு என்றார்கள், கறுப்புக் கயிறு கட்டினேன். எல்லாவற்றையும் செய்துவிட்டு மறுநாள் காலையில் அவள் துணியை அலசும்போது அதே நாற்றம். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் ஒரு தாய்க்கு அந்த நாற்றத்தில் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நிறமும் வேறாக இருக்கும், தண்ணீரில் மிதக்கும், எண்ணெய் ஆடை கட்டும். நான் ஊர் டாக்டரிடம் வயிறு சரியில்லை என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வேன். ஆம்பிளை டாக்டர். சுற்றி நாலு பேர் நிற்கிறார்கள். எப்படிச் சொல்வது.

இன்னும் வெள்ளைதான். ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழி. மைதா என்றால் இந்நேரம் கெட்டியாகிக் கரண்டியைப் பிடித்து இழுக்கும். போன வாரம் இப்படித்தான், கெட்டியான பிறகும் பழக்கத்தில் கொதிக்க விட்டேன். மைதாவை எவ்வளவு கொதிக்க விட்டாலும் அது தாங்கும், கொதிக்கக் கொதிக்கத்தான் பிடிப்பு. இது அப்படி இல்லை. மேலே இரண்டு கொதி விட்டேன், நீர்த்துப் போனது. அதில் ஒட்டிய கவர் காய்ந்ததும் பூ மாதிரி விரிந்துகொண்டது. இரண்டு தரம் தோற்றாயிற்று. கைக்குப் பழகினதே பகையாக இருக்கிறது. நிறுத்து என்றால் நிறுத்த மாட்டேன் என்கிறது கை. இந்தக் கைதானே எல்லாம் செய்தது. இல்லை, இப்போது அதை நினைக்க வேண்டாம். வலப்பக்கம் நாலு சுற்று, இடப்பக்கம் நாலு சுற்று.

ரொட்டியை நினைத்தால் சிரிப்பு வருகிறது, சிரிப்பில்லை, என்னவோ ஒன்று வருகிறது. எங்கள் பக்கம் உடம்பு சரியில்லாதவர்களுக்கு ரொட்டிதான். சோறு மந்தம், இட்லி மாவு புளித்தது, ரொட்டிதான் லேசு என்பார்கள். யார் பார்க்க வந்தாலும் ஒரு பாக்கெட் பிரெட், நாலு பழம். வர்ணிகாவுக்கு உடம்பு சரியில்லாத நாளே அதிகம், அதனால் எங்கள் வீட்டில் பிரெட் தீராது. பாலில் நனைத்துக் கொடுப்பேன். ரஸ்க் கொடுப்பேன். ரவையைக் கஞ்சியாகக் காய்ச்சி வடிகட்டி ஊட்டுவேன். எவ்வளவு கவனமாக ஊட்டினேனோ அவ்வளவு மெலிந்தாள். அவள் மெலிய மெலிய இன்னும் ஆள்கள் பார்க்க வந்தார்கள், இன்னும் பிரெட் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி என் வீட்டுக்காரர் பரோட்டா வாங்கி வருவார். அவர் பெயர் கனிராஜ், அச்சாபீசில் தாள் வெட்டுகிற மிசினில் நிற்கிறார், வாரத்தில் அந்த ஒரு ராத்திரிதான் மகளை மடியில் வைத்துப் பிய்த்துப் போட்டுச் சால்னா ஊற்றி ஊட்டுவார். அவருக்கும் அதுதான் சந்தோசம், அவளுக்கும் அதுதான். முதலில் கண்டது சீனியக்கா. கண்டது என்று இப்போது சொல்கிறேன், அன்றைக்கு அது எனக்கு ஏச்சாகத்தான் இருந்தது. திங்கட்கிழமை காலை, குழாயடியில் நாலு பேர் நிற்கும்போது சொன்னாள்: "ஏளா, ஞாயித்துக்கிழமை ஒங்க வீட்டுல பரோட்டா, திங்கக்கிழமை ஒம் மகளுக்கு வயித்துக் கச்சேரி. ஒரு வாரம்கூடத் தப்ப மாட்டேங்குதே. வாசத் தெளிக்கையிலேயே எனக்குத் தெரிஞ்சுபோகுது." எல்லாரும் சிரித்தார்கள். நான் குடத்தைப் பாதியில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அன்று முழுக்க அழுதேன், பசை அடிப்பிடித்தது. ஆனால் ராத்திரி படுத்தபோது அந்த வார்த்தை போகவில்லை. ஞாயிறு, திங்கள். ஞாயிறு, திங்கள். கல்யாண வீட்டில் பூரி தின்ற மறுநாள். கோயிலில் கேசரி தின்ற மறுநாள். பொங்கலுக்கு நாலு நாளும் சோறும் பொங்கலுமாகத் தின்றாள், அப்போது ஒன்றும் இல்லையே. எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ஒரு ஏச்சுக்குள்ளே இப்படி ஒன்று இருக்கும் என்று யாருக்குத் தெரியும்.

குமிழி பெரிதாகிறது. கை. கை.

மதுரைக்குப் போவோம் என்றார் என் வீட்டுக்காரர். நான் சொன்னதை அவர் முழுதாகக் கேட்டார், சிரிக்கவில்லை, அதற்கே நான் அவருக்கு ஆயுசுக்கும் கடமைப்பட்டவள். மதுரையில் பெண் டாக்டர். பெண் டாக்டரைப் பார்த்ததுமே எனக்குப் பாதி மூச்சு வந்தது. தண்ணீரில் மிதப்பதைக்கூடச் சொன்னேன், மெதுவாகத்தான் சொன்னேன், அவர் தலையைச் சாய்த்துக் காதைக் கிட்டத்தில் கொண்டுவந்து கேட்டார். சந்தேகம் இருக்கிறது, கோதுமை சேராத குடலாக இருக்கலாம் என்றார். நான் முந்திக்கொண்டு, பரோட்டாவையும் பிரெட்டையும் நிறுத்திவிட்டேன் என்றேன், நல்லது என்பார் என்று பார்த்தேன். இல்லையம்மா, ரத்தம் எடுக்கும்வரை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் ரத்தத்தில் தெரியாமல் போய்விடும், திரும்பக் கொடுங்கள், ஆறு வாரம் கழித்து வாருங்கள் என்றார். ஆறு வாரம். ஆகாது என்று தெரிந்த பிறகு ஊட்டுவது எப்படி இருக்கும் என்று யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். காலையில் ஒரு சப்பாத்தி, சாயங்காலம் ஒரு சப்பாத்தி. வேண்டாம்மா வயிறு வலிக்கும் என்று அவளே சொன்னாள், அவளுக்கும் தெரிந்துபோயிற்று. நான் சீனி தொட்டு, வாழைப்பழம் வைத்துச் சுருட்டி, கதை சொல்லி ஊட்டினேன். ராத்திரி அவள் முனகும்போது அவர் எழுந்து வெளியே போய் நின்றுகொள்வார். ஆறு வாரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள், அப்புறம் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். நல்ல குடலுக்குள் புல் முளைத்த மாதிரி இருக்குமாம், அந்தப் புல்தான் சத்தை உறிஞ்சுமாம். இவளுக்கு ஆடு மேய்ந்த தரை மாதிரி இருக்கிறதாம். திரும்ப முளைக்குமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார், முளைக்கும், கோதுமை ஒரு துணுக்கு உள்ளே போகாமல் இருந்தால் முளைக்கும் என்றார் டாக்டர். மைதா கூடாது, ரவை கூடாது, சேமியா கூடாது, பிஸ்கட் கூடாது. கட்டிப் பெருங்காயத்தில்கூட மைதா கலந்திருக்கும், டப்பாவைப் படித்துப் பாருங்கள் என்றார். நான் ஐந்தாவதுதான் படித்திருக்கிறேன், ஆனால் அன்று வீட்டுக்கு வந்து அஞ்சறைப் பெட்டியிலிருந்து எல்லாப் பாக்கெட்டையும் எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். பெருங்காயத்தில் இருந்தது. வயிற்றுக்கு நல்லது என்று ரசத்தில் இரண்டு பங்கு போட்டேனே, அதில் இருந்தது. அதையும் தெருவில் கொட்டினேன். இப்படி எல்லாவற்றையும் படித்தவள், முற்றத்தில் கிடந்த மூடையைப் படிக்கவில்லை.

கேட்டார்களே. முதல் நாளே கேட்டார் டாக்டர். வேலைக்குப் போறீங்களாம்மா என்றார். இல்லைங்க, வீட்டுலதான் இருக்கேன் என்றேன். பொய் சொல்லவில்லை. யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன், எங்கள் தெருவில் ஒட்டுகிற எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். வாசலைத் தாண்டிப் போனால்தானே வேலை. சோற்றை இறக்கிவிட்டு, பிள்ளையைக் காலில் போட்டுக்கொண்டு, தாளை விசிறி மாதிரி விரித்து ஓரத்தில் பசையை ஒரே இழுப்பாக இழுத்து மடக்குவது வேலை என்று எனக்குத் தோன்றியதே இல்லை. வீட்டில் என்னென்ன சாப்பிடுவாள் என்று கேட்டார். சோறு, இட்லி, முட்டை, கீரை என்றேன். அதுவும் பொய் இல்லை. பசை சாப்பாடு இல்லையே. சட்டி விளிம்பில் காய்ந்து கிடக்கிற ஆடையை அவள் நகத்தால் உரித்து அப்பளம் மாதிரிக் கடிப்பாள். அழுதால் நானே ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்திருக்கிறேன். இளஞ்சூடாக, லேசாக இனிக்கும். பசைக் கையைத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கிவிட்டுச் சேலையில் துடைத்து அதே கையால் சோறு பிசைந்திருக்கிறேன். இதையெல்லாம் யார் கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன், மறைப்பதற்காக இல்லை, அது சொல்கிற விசயம் என்றே தெரியாது. நாலு மாதம் அப்படிப் போனது. ஒரு துணுக்குக் கோதுமை சமையலில் இல்லை. அவர் பரோட்டாவை விட்டுவிட்டார், கடையில் டீக்குக்கூட வடை தவிர வேறு தொட மாட்டார். எடை கொஞ்சம் ஏறியது, நின்றுவிட்டது. ரத்தத்தில் நம்பர் இறங்கவில்லை. டாக்டர் என்னைப் பார்த்து, எங்கேயோ உள்ளே போகுதும்மா, யோசிச்சுப் பாருங்க என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்குத் தரை விலகியது. நான்தான் திருட்டுத்தனமாகக் கொடுக்கிறேன் என்று நினைக்கிறாரோ. வரும் வழியில் மருந்துக்கடையில் சத்து மாத்திரை வாங்கினோம், சின்ன வெள்ளைக் கவரில் போட்டுக் கொடுத்தான். பழக்கத்தில் மடிப்பை நகத்தால் நெருடிப் பார்த்தேன். நல்ல ஒட்டு. நம் ஊர் ஒட்டாக இருக்கும் என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அந்தக் கவரைப் பிள்ளை வாயில் வைத்துக்கொண்டு தூங்கிப்போனாள்.

அடுத்த தரம் என் வீட்டுக்காரருக்கு லீவு இல்லை. சீனியக்கா வந்தாள். அவள் வருவதே எனக்குப் பயம், வாய் சும்மா இருக்காது. பஸ்ஸில் கண்டக்டரோடு ஒரு சண்டை, வரிசையில் ஒரு அம்மாளோடு ஒரு சண்டை. உள்ளே போனதும் டாக்டர் பழைய தாளைப் புரட்டிப் பார்த்து, அம்மா வீட்டுலதானே இருக்கீங்க, நீங்களே பார்த்து ஊட்டுறீங்கதானே என்று கேட்டார். நான் தலையாட்டினேன். சீனியக்காவுக்குப் பொறுக்கவில்லை. என்னை மாட்டிவிடுகிற மாதிரிதான் ஆரம்பித்தாள்.

"வீட்டுலதான்னு சொல்லுவா டாக்டரம்மா, என்னைக்கு இவ சும்மா இருந்தா? பிள்ளைக்குச் சோறு போடுற கையக் கழுவக்கூட நேரமில்லாம மைதாவக் காய்ச்சிக் காய்ச்சி ஒட்டிக்கிட்டுக் கெடக்கா. அந்தப் பிள்ளையும் பசைச் சட்டிக்குள்ளதான் வளருது."

டாக்டரின் பேனா நின்றது. என்ன மைதா என்றார். எனக்கு அந்த நிமிசம் சீனியக்காவைப் பிடித்து வெளியே தள்ள வேண்டும் போல இருந்தது. கையைக் காட்டச் சொன்னார். நீட்டினேன். அவர் தன் கையால் என் கையைப் பிடித்துத் திருப்பி நக ஓரத்தைப் பார்த்தார். பயணத்துக்காகச் சோப்புப் போட்டுத் தேய்த்துத்தான் கழுவியிருந்தேன், இருந்தும் நகக்கண்ணில் வெள்ளையாக இருந்தது. இதுதான் என்றார். நான் விழுந்துவிடுவேன் என்று நினைத்தாரோ என்னவோ, பிடித்த கையை விடவில்லை. "உங்க மேல தப்பு இல்லம்மா. வேலைக்குப் போறீங்களான்னு நான் கேட்டேன். வீட்டுல என்ன வேலை செய்றீங்கன்னு கேட்டிருக்கணும்" என்றார். படித்த ஒருத்தர், அத்தனை பேர் வெளியே காத்திருக்கும்போது, தன் தப்பு என்று என்னிடம் சொன்னார். அந்த வார்த்தை இல்லை என்றால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று தெரியவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் சீனியக்கா திருமங்கலத்தில் சன்னல் வழியாகக் கொய்யாப்பழம் வாங்கி ஒன்றை வர்ணிகா கையில் கொடுத்தாள். கள்ளிக்குடி தாண்டியதும் சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு சொன்னாள், நானும் அதே கையாலதானளா எம் பிள்ளைகளுக்கு ஊட்டுனேன், அதுக கல்லத் தின்னாலும் செரிச்சுது, இவளுக்குச் செரிக்கல, இதுல நீ என்ன செய்வ என்று. அவளும் முன்பு ஒட்டியவள்தான், இப்போது பைண்டிங் ஆபீசுக்குப் போகிறாள். நான் அழவில்லை. அழுகிற ஆள் நான், அன்று அழுகை வரவில்லை, கொய்யாப்பழ வாசனைதான் பஸ் முழுக்க இருந்தது.

மறுநாள் மைதா மூடையை அண்ணாச்சியிடமே அனுப்பினோம். வீட்டுக்காரரும் நானும் வீட்டைக் கழுவினோம். சுவரில், முக்காலிக் காலில், சன்னல் கம்பியில், தொட்டில் கட்டிய கொக்கியில்கூடப் பசை இருந்தது. ஆறு வருசப் பசை. கத்தியால் சுரண்டச் சுரண்ட ஓடு ஓடாக வந்தது. நீ ஊட்டினாய் என்று சொல்ல அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது, அவர் வாளி வாளியாகத் தண்ணீரைத் தூக்கி ஊற்றினார். இந்த மூன்று வாரமும் நான் அண்ணாச்சிக்கு ஒட்டவில்லை. வர்ணிகா காலையில் எழுந்ததும் வாசலில் நின்று குதிக்கிறாள். குதிப்பாள் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை, எடைதான் ஏறும் என்று நினைத்தேன். தீப்பெட்டி ஆபீசுக்கு வா என்று பக்கத்து வீட்டில் கூப்பிடுகிறார்கள். போகலாம். போனால் பிள்ளையை யாரிடம் விடுவது. பாவம் பிள்ளை என்று யாராவது ஒரு பிஸ்கட்டை ஒடித்துக் கொடுப்பார்கள், அன்பாகத்தான் கொடுப்பார்கள், புல் முளைக்கிற தரையில் மறுபடி ஆடு புகுந்துவிடும். அவள் பக்கத்திலேயே இருந்து செய்கிற வேலை எனக்கு இது ஒன்றுதான் தெரியும். மதுரைக்குப் போய்வந்ததெல்லாம் இந்தக் கவரை ஒட்டித்தான். டப்பாப் பசையில் ஒட்டுகிறேனே என்று சீனியக்கா மூலமாக அண்ணாச்சியிடம் கேட்டுப் பார்த்தேன், மாத்திரைக் கவருக்கு அது கட்டுபடியாகாது என்றுவிட்டார். அப்போதுதான் சீனியக்கா சத்திரப்பட்டிக்குத் தன் பிறந்த வீட்டுக்குப் போனவள் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் தம்பி அங்கே தறிக்கூடத்தில் பாவுக்குக் கஞ்சி போடுகிறவன். நூலையே விறைக்க வைக்கிற மாவு, தாளை ஒட்டாதா என்றாள். ஜவ்வரிசி பண்ணுகிற மாவுதான், டாக்டரம்மாவுக்கே போன் போட்டுக் கேட்டுவிட்டேன், ஆகுமாம், நீ கேட்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும் என்றாள். நான் அவளை எத்தனை நாள் மனசுக்குள் வைதிருக்கிறேன். குழாயடியில் அவள் நின்றால் நான் திரும்பி வந்துவிடுவேன். அவள் வாயை யாராவது அடைத்தால் நன்றாக இருக்கும் என்று சாமியிடம்கூட ஒருதரம் கேட்டேன். சாமி, நல்லவேளை நீ அதைக் காதில் வாங்கவில்லை.

வெள்ளை போகிறது.

ஓரத்திலிருந்து போகிறது. ஓரத்தில் ஒரு வட்டம் தெளிகிறது, கரண்டி போன தடத்தில் ஒரு கோடு தெளிகிறது, கோடும் வட்டமும் சேர்ந்துகொள்கிறது, சட்டியின் அடி தெரிகிறது, அடியில் இருக்கிற பழைய கீறல் தெரிகிறது. இன்னும் ஒரு கொதி விடு என்கிறது கை. விடாதே. இன்னும் ஒரே ஒரு சுற்று. விடாதே. அடுப்பை அணைத்தேன். அணைத்துவிட்டு இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன், இல்லை என்றால் அது மறுபடி பற்ற வைத்துவிடும். கரண்டியைத் தூக்கினால் கண்ணாடி நூலாக நீண்டு இறங்குகிறது, அறுபடவில்லை. வாசனை என்று ஒன்றுமே இல்லை. மைதா காயும்போது வருகிற அந்த வாசனை, ரொட்டிக்கடைப் பக்கம் போகிற மாதிரி ஒரு வாசனை, அதுதான் எனக்கு ஆறு வருசமாக வீட்டு வாசனை. இப்போது வீட்டில் எந்த வாசனையும் இல்லை. இது யார் வீடோ போல இருக்கிறது. பழகிக்கொள்ள வேண்டும்.

ஆறியதும் இருபது தாளை விசிறியாக விரித்தேன். ஓரம் மட்டும் தெரியும்படி, ஒன்றுக்கு மேல் ஒன்று, ஒரு நூல் தள்ளி. ஒரே இழுப்பு. இது தாளில் வழுக்கிக்கொண்டு போகிறது, மைதா மாதிரிப் பிடித்து நிற்காது, அதனால் விரலை லேசாக வைக்க வேண்டும், குழந்தைக்கு மை தீட்டுகிற மாதிரி. மடக்கி, அடி மடித்து, உள்ளங்கையால் ஒரு தேய்ப்பு. நிழலில் பரப்பினேன். பூவரச மரத்துக் காற்று வந்து ஒன்றிரண்டைத் தூக்கிப் பார்த்தது. மேலே ஒரு கல் வைத்தேன். காய்கிற நேரத்தில் தொடக் கூடாது, தொட்டால் மனசு கேட்காது, பிரித்துப் பார்க்கச் சொல்லும். நான் உள்ளே போய்ப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தேன். மழைக்காலத்தில் இது தாங்குமா. கவர் கடைக்குப் போய், கடையிலிருந்து யார் வீட்டுக்கோ போய், அங்கே ஒரு கிழவர் மாத்திரை எடுக்கும்போது அடி பிரிந்து எல்லாம் உருண்டு ஓடினால். டாக்டர் அடுத்த தரம் ரத்தம் பார்க்கும்போது நம்பர் இறங்காமலே இருந்தால். இன்னும் எங்கேயோ, எனக்குச் சொல்லத் தெரியாத ஏதோ ஒன்றில் இருந்தால். பயத்துக்கு ஒரு முடிவு இல்லை, அதுவும் கிண்டக் கிண்டக் கெட்டியாகிக்கொண்டே போகும். வர்ணிகாவின் மூச்சு என் முழங்கையில் பட்டது. சூடாக, சீராக. அவள் வயிற்றில் கை வைத்தேன். மெத்தென்று இருந்தது. அந்தக் கல் மாதிரி இறுக்கம் இல்லை. நான் கையை எடுக்கவில்லை.

வளவு வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. சீனியக்கா இன்னும் வரவில்லை, என் வீட்டுக்காரரும் வரவில்லை. அண்ணாச்சி வந்தால் சீனியக்காதான் பேசுவாள், நான் கதவுக்குப் பின்னால் நின்று கவர்க்கட்டை எடுத்துக் கொடுப்பேன். ஆறு வருசத்தில் அவரிடம் நான் நேராகப் பேசியது இல்லை. இன்று வேறு வழி இல்லை. கல்லை எடுத்துவிட்டுக் கவர்களை அடுக்கி நீட்டினேன். அவர் வண்டியிலிருந்து இறங்காமலே ஒன்றை எடுத்தார். இரண்டு கட்டைவிரலையும் உள்ளே விட்டு விரித்தார். இழுத்தார். தாள் விறைத்தது. இன்னும் இழுத்தார். டர் என்று கிழிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் கிழிந்தது தாள். தாளின் நடுவில். ஒட்டு அப்படியே நின்றது, ஒரு பக்கத்துத் தாளையும் கையில் பிடித்துக்கொண்டு. இன்னொன்றை எடுத்தார், அதுவும் அப்படித்தான். மூன்றாவதற்குள் தன் சட்டைப்பையில் இருந்த சர்க்கரை மாத்திரை அட்டைகளைப் போட்டுக் காதுப் பக்கம் வைத்துக் குலுக்கினார், கிலுகிலுப்பை ஆட்டுகிற மாதிரி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். ஐப்பசி மழை வரட்டும், அப்போது தெரியும் இதன் வண்டவாளம் என்றார். சொல்லிவிட்டு இறங்கிப் பின்னாலிருந்து இரண்டு கட்டுத் தாளை எடுத்து வைத்தார். அவ்வளவுதான். ஒட்டு என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை, தாளை வைத்துவிட்டார். அப்புறம் பழக்கத்தில், எல்லா வீட்டுக்கும் வைக்கிற மாதிரி, ஒரு மைதாச் சிப்பத்தைத் தூக்கி நிலைப்படிக் கல்லில் வைத்தார்.

சீனியக்கா இருந்தால் சொல்வாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் வந்துவிடுவாள். அதுவரை அது அங்கேயே இருக்கும்.

"மைதா வேண்டாம் அண்ணாச்சி."

ஒரு ஓரமாகக் கிடக்கட்டுமே, மழை நேரத்துக்கு உதவும் என்றார், வண்டியை உதைத்துக்கொண்டே.

"கெடக்கக் கூடாது. எம் பிள்ளைக்கு ஆகாது. எடுத்துட்டுப் போங்க."

சத்தமாகத்தான் சொல்லியிருக்கிறேன். எதிர்வீட்டு அம்மா முறத்தோடு எட்டிப் பார்த்தார். அண்ணாச்சி வண்டியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நீ பேசுவியாம்மா, இத்தனை வருசமா ஒனக்குப் பேச்சு வராதுன்னுல நெனச்சிருந்தேன் என்றார். சிப்பத்தைத் தூக்கித் திரும்ப வண்டியில் வைத்துக் கட்டினார். அவர் தெருமுனை திரும்பும்வரை நின்றேன். கல்லில் சிப்பம் இருந்த இடத்தில் வட்டமாக வெள்ளை படிந்திருந்தது. ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினேன், தென்னைமாறால் தேய்த்தேன், இன்னொரு வாளி ஊற்றினேன், தெருவோரம் வெள்ளையாக ஓடி மண்ணில் இறங்கியது. திரும்பினால் வர்ணிகா எழுந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கண்ணில் இன்னும் தூக்கம்.

"யாரும்மா சத்தம் போட்டது?"

நாந்தான் என்றேன்.